மலிவு விலை கேம் கன்சோலுக்கு டீலர் ஆகலாமா?

கேள்வி: ஈரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். டிவியில் இணைத்து விளையாடும் புதிய கேம் கன்சோலுக்கு மாவட்ட டீலராகச் சேரும்படி ஒரு நிறுவனம் அழைக்கிறது. விற்பனை விலை 5,999 ரூபாய். எனக்கு 12 சதவீதம். தொடக்கத்தில் 60 பெட்டிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். 'பிளேஸ்டேஷன் வாங்க முடியாதவர்கள் எல்லோரும் இதைத்தான் வாங்குவார்கள்' என்கிறார்கள். இறங்கலாமா?

பதில்: 60 பெட்டி வேண்டாம். பத்துப் பெட்டி எடுங்கள்; விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குச் சம்மதித்தால் மேற்கொண்டு பேசலாம்.

முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டால், ஒரு பெட்டிக்கு உங்களுக்கு நிற்பது சுமார் 720 ரூபாய். அடக்க விலை ஏறக்குறைய 5,280. 60 பெட்டிக்கு நீங்கள் முடக்கும் பணம் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. 52 விற்று எட்டு மட்டும் தேங்கினால்கூட, விற்றதில் வந்த 37,440 ரூபாய் லாபம் போய், மேலும் ஐயாயிரம் கையைக் கடிக்கும். செல்போனில் பழகிய உங்களுக்குத் தெரியாததா? அடுத்த மாடல் வந்த மறுநாளே பழைய பெட்டி அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.

அவர்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பிளேஸ்டேஷன் வாங்க முடியாத பையன் விளையாடாமல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவன் கையில் செல்போன் இருக்கிறது, அதில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் இலவசமாகக் கிடைக்கிறது, கூட்டாளிகள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு டிவி முன் தனியாக உட்கார வைக்க விலைக் குறைப்பு மட்டும் போதாது. கன்சோல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவனோ, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய பிளேஸ்டேஷனைத் தேடிப் போவான்.

இதே கனவை அமெரிக்காவில் ஊயா என்ற பெட்டி கண்டது. ஆண்ட்ராய்டில் ஓடும் 99 டாலர் கன்சோல். 2012 ஜூலையில், புதிய தயாரிப்புகளுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் வழியாக மக்களிடம் 9.5 லட்சம் டாலர் கேட்டார்கள். 63,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து சுமார் 86 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய வரவேற்பை யார் எதிர்பார்க்க முடியும்? மறு ஆண்டு ஜூனில் கடைக்கு வந்தபோது கன்ட்ரோலரின் பட்டன்கள் சிக்கிக்கொள்வதாகப் புகார்கள் வந்தன. அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். இதற்காகவே பெட்டியை வாங்க வேண்டும் என்று சொல்லும்படியான கேம்கள் போதிய அளவு வரவில்லை. அதற்கு மருந்து இல்லை. 2015இல் ரேசர் நிறுவனம் மென்பொருளையும் பொறியாளர்களையும் எடுத்துக்கொண்டது, பெட்டியைத் தொடவில்லை. 2019 ஜூனில் சர்வரும் நின்றது. பிரேசிலில் 2009இல் குவால்காம், டெக்டாய் நிறுவனங்களின் துணையோடு வந்த ஸீபோ, 3ஜி வழியாகவே கேம்களை இறக்கித் தந்தது. திருட்டு சிடிக்கு வழியில்லாத நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் இரண்டே ஆண்டில் மூடிவிட்டார்கள்.

விலை குறைவால் வென்றவர்களும் உண்டு. 1995இல் அமெரிக்காவில் செகா நிறுவனத்தின் சாட்டர்ன் கன்சோல் 399 டாலருக்கு விற்றபோது, சோனி தன் முதல் பிளேஸ்டேஷனை 299க்குக் கொண்டுவந்து சந்தையைப் பிடித்தது. 2016இல் நிண்டெண்டோ தன் பழைய பெட்டியின் குட்டி வடிவத்தை 60 டாலருக்கு விற்றபோது, கடைகளில் சரக்கு நிற்கவில்லை. அதில் இருந்தவை முப்பதே கேம்கள், எல்லாம் ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்டவை. நம் வீடுகளில் இருந்த மஞ்சள் கேசட் டிவி கேம் இதற்கு நேர் எதிர்: அட்டையில் 9,999 கேம் என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் இருபது தேறாது.

கடைக்காரருக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. கன்சோல் தொழிலில் பெரும்பாலும் பெட்டியில் லாபம் கிடையாது. நிறுவனங்கள் அதைக் குறைந்த லாபத்துக்கோ, சில நேரம் நஷ்டத்துக்கோ கொடுத்துவிட்டு, விற்கும் ஒவ்வொரு கேமிலும் ஒரு பங்கை, வழக்கமாக 30 சதவீதத்தை, எடுத்துக்கொள்ளும். சிடி காலத்தில் அந்த வியாபாரத்தில் கடைக்கும் ஒரு கை இருந்தது. இப்போது கேம் நேரே இணையத்திலிருந்து இறங்குகிறது. உங்களுக்குக் கிடைப்பது ஒருமுறை வரும் 720 ரூபாயும், அதன் பிறகு 'அண்ணா, கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை' என்று வரும் வாடிக்கையாளரும்தான். ஆகவே சதவீதத்தை ஏற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, பத்துப் பெட்டிக்கு ஐந்து உதிரிக் கன்ட்ரோலர், கேம் வாங்கும் ரீசார்ஜ் கூப்பனை உங்கள் கடையில் விற்கும் உரிமை, இரண்டையும் கேளுங்கள்.

பெட்டிக்குள் பத்தாயிரம் கேம் ஏற்றித் தருகிறோம் என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை உரிமம் இல்லாத பிரதிகளாகவே இருக்கும். தெரிந்தே விற்றால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் இடம் இருக்கிறது.

இன்னொன்று, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் பதிவு எண். 2012இல் மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு வந்தபோது முதல் பட்டியலிலேயே வீடியோ கேம் இடம்பெற்றது. பெட்டியிலும் அடாப்டரிலும் உள்ள எண்களை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இவ்வளவு சொன்னதால் இது விற்கவே விற்காது என்று அர்த்தமில்லை. ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில், பிள்ளை கையில் போனைக் கொடுக்கப் பயப்படும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே டிவியில் சேர்ந்து ஆடும் கேம்கள் நாலைந்து நன்றாக இருந்தால், தீபாவளிக்கும் முழு ஆண்டு விடுமுறைக்கும் அவர்கள் வாங்குவார்கள். கடை வாசலில் ஒரு டிவியில் ஓடவிட்டால் பத்துப் பெட்டி போய்விடும் என்றே நினைக்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் மாதிரிக்கு ஒரு பெட்டி வாங்கி, இரண்டு பிள்ளைகள் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். முதல் வாரம் எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் ஆடுவார்கள். மூன்றாவது வாரம் போய், அதன் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவனத்துக்குப் பதில் சொல்லுங்கள்.