கரண்டியில் சிங்கம் இருந்தால் உருக்காதீர்கள்

கேள்வி: நீலகிரித் தோட்டமொன்றில் வேலை பார்த்த என் பாட்டனாருக்கு, ஊர் திரும்பிய துரை ஒருவர் தந்த தேநீர்க் குடுவையும் ஆறு பெரிய கரண்டிகளும் எங்களிடம் உள்ளன. எல்லாம் கறுத்துவிட்டன. கரண்டிகளின் பின்புறம் சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து, ஒரு பெண்ணின் தலை. குடுவையின் அடியில் ஈ.பி.என்.எஸ். என்ற முத்திரை. பல்பொடியால் தேய்க்கலாமா, உருக்கிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஒரே கையிலிருந்து வந்திருந்தாலும் இவை வெவ்வேறு சரக்கு.

கரண்டியில் நடைபோடும் சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளிக்கு அடையாளம்: 1000 பங்கில் 925 வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளியில் கரண்டி செய்தால் வளைந்துகொடுக்கும். நங்கூரம், இங்கிலாந்தின் பர்மிங்காம் ஊரில் 1773இல் தொடங்கிய, வெள்ளியின் தரம் பார்க்கும் சோதனைக்கூடத்தின் முத்திரை. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! பெண் தலை விக்டோரியா ராணியுடையது. வரி கட்டியாயிற்று என்று பொருள். அந்த வரி 1890இல் நீக்கப்பட்டது. ஆகவே கரண்டிகள் அதற்கு முந்தியவை. சரியான ஆண்டை அந்த எழுத்து சொல்லும். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பர்மிங்காம் அட்டவணையில் பாருங்கள். உருக்கினால் எடைக்குத்தான் காசு. முத்திரைக்கும் வயதுக்கும் உள்ள மதிப்பு உலையோடு போய்விடும்.

குடுவையிலுள்ள ஈ.பி.என்.எஸ். என்பதற்கு, நிக்கல் கலந்த உலோகத்தின்மீது மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளிப் பூச்சு என்று பொருள். உருக்கினால் ஒன்றும் தேறாது. அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய், உள்ளே இருக்கும் உலோகம் எட்டிப்பார்க்கும்.

கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்த மெல்லிய படலம். நம் வீடுகளில் விபூதியும் பல்பொடியும் போட்டுத் தேய்ப்பது வழக்கம். இரண்டிலும் நறுநறுப்பு உண்டு. நாளடைவில் முத்திரைகளே மழுங்கிவிடும், அவைதாம் உங்கள் சொத்து. வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு, பிறகு வெள்ளிக்கென்றே விற்கும் மென்மையான மெருகுத் துணி போதும். பூவேலைப்பாட்டின் பள்ளங்களில் தங்கிய கருமையை விட்டுவிடுங்கள். அதுதான் வேலைப்பாட்டை எடுத்துக்காட்டுகிறது. சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரில் முக்கினால் அந்தக் கருமையும் சேர்ந்தே போய்விடும். குடுவையின் கைப்பிடி சேரும் இடத்தில் வெள்ளைத் தட்டுகள் இருந்தால் தந்தமாகவோ எலும்பாகவோ இருக்கலாம், ஊறவைக்காதீர்கள்.

பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் அந்த இடம் பட்டையாகக் கறுக்கும். உப்பும் முட்டையும் பட்டால் உடனே கழுவுங்கள்.

கரண்டி எங்காவது விரிசல் விட்டிருந்தால் பத்தரிடம் ஈயப் பற்று வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். ஈயம் ஒட்டிய இடத்தை மறுபடி சூடாக்கினால் அது வெள்ளியை அரித்துக் குழி போடும்.