மேய்ன் 1992: பெரோ ஓட்டைப் பிரித்ததால்தான் புஷ் தோற்றாரா?

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். மும்முனைப் போட்டி பற்றிய கருத்தரங்குக்கு 1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் மேய்ன் மாநில முடிவை எடுத்திருக்கிறேன். ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன் 38.77%, சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ 30.44%, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 30.39%. புஷ், பெரோ இருவரையும் கூட்டினால் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. பெரோ நிற்காமல் இருந்திருந்தால் புஷ் ஜெயித்திருப்பார் என்று எழுதலாமா? இதை எப்படிக் கணக்குப் போட்டுக் காட்டுவது?

பதில்: அப்படியே எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு பேரின் ஓட்டைக் கூட்டி மூன்றாமவரோடு ஒப்பிடும்போது, பெரோவுக்குப் போட்ட அத்தனை பேரும் புஷ்ஷுக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அதைத்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். அதே தர்க்கத்தில் கிளின்டனையும் பெரோவையும் கூட்டினால் 69 சதவீதம் வருமே!

சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்ணிக்கையை எடுங்கள். கிளின்டன் 2,63,420. பெரோ 2,06,820. புஷ் 2,06,504. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து 2,755. மொத்தம் 6,79,499. பெரோவுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி வெறும் 316 ஓட்டு. ஒரு தசம இடத்தோடு 30.4, 30.4 என்று போட்டால் இருவரும் சமம் என்று தோன்றும். ஆகவே இரண்டு தசம இடமும், பக்கத்தில் ஓட்டு எண்ணிக்கையும் கட்டாயம் வேண்டும். சதவீதத்தை எதை வைத்து வகுக்கிறீர்கள் என்பதையும் அட்டவணைக்குக் கீழே எழுதிவிடுங்கள். மொத்த ஓட்டால் வகுத்தால் கிளின்டன் 38.77. மூவரின் கூட்டுத்தொகையால் மட்டும் வகுத்தால் 38.92. இரண்டையும் கலந்தால் கூட்டல் உதைக்கும், ஏன் என்றும் பிடிபடாது.

இதில் ஒன்றை ஆரம்பத்திலேயே அழுத்திச் சொல்லுங்கள்: மேய்னில் மூன்றாவதாக வந்தவர் பெரோ அல்ல, பதவியில் இருந்த அதிபர் புஷ். அதுவும் சாதாரண மாநிலம் இல்லை. அவர் குடும்பத்தின் கோடை இல்லம் கென்னபங்க்போர்ட்டில், இதே மாநிலக் கடற்கரையில்தான் இருக்கிறது. 50 மாநிலங்களில் பெரோ இரண்டாம் இடம் பிடித்தவை இரண்டே இரண்டு. மேய்னில் புஷ்ஷை முந்தினார், யூட்டாவில் கிளின்டனை முந்தினார். யூட்டா கணக்கு புஷ் 43.36, பெரோ 27.34, கிளின்டன் 24.65. ஒரே ஆள், ஒரே தேர்தல். ஆனால் அவர் யாரை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. "பெரோ யாருடைய ஓட்டைப் பிரித்தார்" என்ற கேள்விக்கு நாடு முழுவதற்குமான ஒற்றை வரி பதில் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. பெரோ இல்லை, அவருக்குப் போட்ட எல்லாரும் வந்து மற்ற இருவரில் ஒருவருக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளின்டன் புஷ்ஷைவிட 56,916 ஓட்டு முன்னால். பெரோவின் 2,06,820 ஓட்டில் இந்த முன்னிலையைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 1,31,868 வரும். இதற்கு மேல் ஓர் ஓட்டாவது புஷ்ஷுக்குப் போனால்தான் அவர் ஜெயிப்பார். பெரோ ஓட்டில் இது 63.76 சதவீதம். அதாவது பெரோவுக்குப் போட்ட மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் புஷ்ஷின் ஆட்களாக இருந்திருக்க வேண்டும்.

எல்லாரும் ஓட்டுப் போட வந்திருப்பார்கள் என்பதும் ஓர் அனுமானமே. நாலில் ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று வையுங்கள். மிஞ்சுவது 1,55,115. அதோடு 56,916-ஐக் கூட்டிப் பாதியாக்கினால் சுமார் 1,06,016, வந்தவர்களில் 68 சதவீதத்துக்கும் மேல். வராதவர்கள் கூடக் கூட, பின்தங்கியவருக்குத் தேவைப்படும் பங்கு ஏறிக்கொண்டே போகும். எக்செலில் ஒரு நெடுவரிசையில் வராதோர் பங்கை 0, 10, 20, 30 என்று மாற்றிப் போட்டு, எதிரே தேவையான சதவீதத்தைக் காட்டுங்கள். கருத்தரங்கில் இந்த ஒரு அட்டவணை போதும், பாதி வாதம் அங்கேயே அடங்கிவிடும்.

அந்த 64 சதவீதம் நடக்கக்கூடியதா? வாக்குச்சாவடி வாசலில் எடுத்த தேசியக் கருத்துக்கணிப்பில், பெரோ இல்லாவிட்டால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்று அவருடைய வாக்காளர்களையே கேட்டார்கள். புஷ், கிளின்டன் இருவருக்கும் தலா 38 சதவீதம், மீதிப் பேரில் பெரும்பாலோர் ஓட்டே போட்டிருக்க மாட்டோம் என்றார்கள். இந்த விகிதம் மேய்னுக்கும் பொருந்தினால் முன்னிலை அசையவே அசையாது. ஆனால் இது நாடு தழுவிய எண். மேய்னுக்கு நேராக ஒட்டவைக்காமல், "தேசிய அளவில்" என்ற சொல்லோடு மட்டும் பயன்படுத்துங்கள்.

எதிர்த்தரப்பு கையில் எடுக்கக்கூடிய வலுவான ஆயுதமும் ஒன்று இருக்கிறது. அதை நீங்களே முதலில் மேசையில் வைத்துவிடுவது நல்லது. 1988-இல் மேய்னில் புஷ் 3,07,131 ஓட்டு, 55.34 சதவீதம். அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் டுகாகிஸ் 2,43,569, அதாவது 43.88 சதவீதம். மொத்தம் 5,55,035. நாலு ஆண்டில் புஷ் இழந்தது 1,00,627. டுகாகிஸைவிட கிளின்டன் கூடுதலாக வாங்கியது 19,851 மட்டும். தோற்ற டுகாகிஸின் சதவீதத்தைவிட ஜெயித்த கிளின்டனின் சதவீதம் ஐந்து புள்ளி குறைவு! மொத்த ஓட்டோ 1,24,464 கூடிவிட்டது. புஷ் இழந்த ஒரு லட்சமும் பெரோவிடம் போனது, பெரோவின் மீதி ஓட்டு புதிதாக வந்தவர்களுடையது என்று ஒருவர் வாதிட்டால், இந்த எண்கள் அவருக்கும் இடம் கொடுக்கின்றன. அந்த ஒரு லட்சம் திரும்பி வந்து, புதியவர்கள் வீட்டில் இருந்திருந்தால், 3,07,131-க்கு 2,63,420 என்று புஷ்ஷே ஜெயித்திருப்பார்.

இந்த வாதம் எங்கே இடறுகிறது என்று பார்க்க ஒரு கற்பனை ஊரை எடுப்போம். நூறு ஓட்டு. 1988-இல் புஷ் 60, டுகாகிஸ் 40. 1992-இல் கிளின்டன் 40, புஷ் 30, பெரோ 30. பார்த்தவுடன் முப்பது பேர் புஷ்ஷை விட்டு பெரோவிடம் போனார்கள் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் புஷ்ஷிடமிருந்து 15 பேர் பெரோவுக்கும் 15 பேர் கிளின்டனுக்கும் போய், டுகாகிஸ் பக்கம் இருந்த 15 பேர் பெரோவுக்கு வந்திருந்தாலும் இதே 40, 30, 30தான் வரும். முன்னதில் பெரோவின் முப்பது பேருமே பழைய புஷ் ஆட்கள், பின்னதில் பாதிப் பேர். கூட்டுத்தொகை ஒன்றுதான், ஆட்கள் வேறு. மேய்னில் ஊர்வாரியாக முடிவு கிடைக்கிறதே என்று ஊர் ஊராக ஒப்பிட்டாலும் இந்தச் சிக்கல் தீராது. ஊரின் போக்கை வைத்து ஆளின் முடிவைச் சொல்லுவது தேர்தல் ஆய்வில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. ஆய்வேடுகளில்கூட இதைப் பார்க்க முடிகிறது, அதனால் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

1996 முடிவைச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். பெரோ மறுபடி நின்றார், 85,970 ஓட்டாகச் சுருங்கினார், 14.19 சதவீதம். அவரை விட்டுப் போன ஓட்டு 1,20,850. அவர்கள் இயல்பிலேயே குடியரசுக் கட்சிக்காரர்கள் என்றால் அந்தக் கட்சியின் 1996 வேட்பாளர் பாப் டோலிடம் திரும்பியிருக்க வேண்டும். டோல் வாங்கியது 1,86,378, புஷ் வாங்கியதைவிட 20,126 குறைவு. பங்கு 30.76, கிட்டத்தட்ட அதே இடம். கிளின்டனோ 3,12,788-க்கு, 51.62 சதவீதத்துக்கு ஏறினார். மொத்த ஓட்டு 73,602 குறைந்த தேர்தலில் இந்த ஏற்றம். வேட்பாளரும் பொருளாதாரச் சூழலும் மாறிவிட்டதால் இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் "பெரோ ஓட்டு என்பது வழிதவறிய புஷ் ஓட்டு" என்ற கதைக்கு இது பலத்த அடி. மேய்னில் பெரோதான் புஷ்ஷைத் தோற்கடித்தார் என்பது நிரூபிக்கப்படாத கூற்று, 64 சதவீதச் சுமை அதைச் சொல்பவரின் தலையில்தான் இருக்கிறது என்பது எங்கள் முடிவு. நீங்களும் அப்படியே எழுதலாம்.

தேர்வாளர் வாக்கு (மாநிலவாரியாக ஒதுக்கப்பட்டு, அதிபர் யார் என்பதை முடிவுசெய்யும் வாக்கு) விஷயத்தில் மேய்னுக்குத் தனி விதி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஜெயித்தவருக்கே அத்தனையும். மேய்னில் 1972 முதல், நான்கில் இரண்டு மாநிலம் முழுவதும் முந்தியவருக்கு, மீதி இரண்டு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை) தொகுதிக்கு ஒன்று வீதம். நெப்ராஸ்கா 1992-இல்தான் இதே முறைக்கு வந்தது. 1992-இல் மேய்னின் இரண்டு தொகுதிகளிலும் கிளின்டனே முதலிடம். நான்கும் அவருக்கே போயின. ஆகவே "பெரோ இல்லாவிட்டால்" கணக்கை மாநிலத்துக்கு ஒரு தடவை, தொகுதிக்கு ஒன்று வீதம் இரண்டு தடவை என மூன்று முறை போட வேண்டும். நாடு முழுவதும் 18.9 சதவீதம் வாங்கிய பெரோவுக்கு ஒரு தேர்வாளர் வாக்குகூடக் கிடைக்கவில்லை. 1968-இல் 13.5 சதவீதம் வாங்கிய மூன்றாம் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் 46 பெற்றார். வாலஸின் ஓட்டு தெற்கில் குவிந்து கிடந்தது, பெரோவுடையது எங்கும் பரவிக் கிடந்தது.

கடைசியாக ஒன்று. இன்றைய மேய்ன் விதியில் 1992 நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். 2016-இல் மேய்ன் மக்கள் விருப்ப வரிசை முறையை வாக்கெடுப்பில் ஏற்றார்கள், 2020-இல் அதிபர் தேர்தலுக்கும் அது வந்தது. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் ஓட்டுச்சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாரோ அவருக்குச் சேர்ப்பார்கள். பலரும் இங்கே பெரோவை நீக்கிவிட்டுக் கணக்கைத் தொடங்குகிறார்கள். தவறு. முதலில் போவது உதிரி வேட்பாளர்களின் 2,755 ஓட்டு. அந்தச் சின்னக் குவியல் 316-ஐவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு பெரிது. இரண்டாம் இடம் யாருக்கு, வெளியே போவது யார் என்பதை அதுவே மாற்றிவிட முடியும்.

வரிசை மாறாமல் இருந்தால் நீக்கப்படுவது புஷ். அப்போது கேள்வியே தலைகீழாகிவிடும்: கிளின்டனைவிட 56,600 ஓட்டு பின்தங்கிய பெரோவுக்கு, புஷ்ஷின் 2,06,504 ஓட்டில் எத்தனை வேண்டும்? கூட்டிப் பாதியாக்கினால் 1,31,552, அதாவது 63.7 சதவீதம். இரண்டாம் விருப்பம் எழுதாத சீட்டுகள் கழிந்துவிடும், அவற்றை வராதோர் கணக்கைப் போலவே கையாளுங்கள். இலங்கை அதிபர் தேர்தலில் 2024-இல் இரண்டாம் விருப்ப எண்ணிக்கை முதல்முறையாக நடந்ததே, அதோடு இதைக் குழப்ப வேண்டாம். அங்கே முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே வீச்சில் நீக்கிவிடுவார்கள், உதிரி ஓட்டு இடத்தை மாற்ற வழியே இல்லை. அந்த விதியைப் போட்டாலும் மேய்னில் 316 ஓட்டு வித்தியாசத்தில் வெளியே நின்றிருப்பவர் புஷ்தான்.