பாதி வெப்பம் எங்கே போகிறது?

கேள்வி: நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கும் மேல் வீணாமே. சுழலியில் (டர்பைனில்) பழுதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: சுழலியைக் குறை சொல்லாதீர்கள். நல்ல சுழலி, நீராவியிலிருந்து கறக்கக்கூடிய வேலையில் 85 - 90 சதவீதத்தைக் கறந்துவிடும். பெரிய இழப்பு, சுழலியை விட்டு வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்து நீராக்கும் ஒடுக்கியில்தான். 40 பாகை செல்சியஸில் ஒரு கிலோ நீராவி நீராகும்போது சுமார் 2,400 கிலோஜூல் கடல்நீருக்குப் போகிறது. அதைத் தவிர்க்க வழியில்லை. நம் கடல் 28 பாகையை ஒட்டியிருப்பதால், குளிர்நாடுகளைப் போல ஒடுக்கி அழுத்தத்தை 0.03 பாருக்கு (வளி அழுத்தம் சுமார் 1 பார்) இறக்கி, நீராவியிலிருந்து கூடுதல் வேலை கறக்கவும் முடியாது, 0.07 - 0.08 பாரே கிடைக்கும்.

தவிர்க்கக்கூடியது வேறு. ஒடுக்கியில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குள் பாசியும் சிப்பியும் படிந்தால் வெற்றிடம் குறையும், அதாவது ஒடுக்கி அழுத்தம் ஏறும். பஞ்சுருண்டைகளை ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். துடைத்தும் தேறாமல், ஒடுங்கிய நீரில் ஒட்சிசனும் கூடியிருந்தால் வெளிக்காற்று உள்ளே கசிகிறது. முதலில் தாழ் அழுத்தச் சுழலியின் தண்டு அடைப்பை (தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் தடுக்கும் பகுதியை) பாருங்கள்.