வட்டவீட்டில் இரண்டு பேர்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், வேல்ஸ் நாட்டுப்புறத்தில் கெல்ட்டிக் பாணி (ரோமானியருக்கு முன் பிரிட்டனில் வாழ்ந்தவர்களின் பாணி) வட்டவீடுகளைத் தம்பதிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் மற்றதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப் போகிறது. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போவதாக முடிவு. இவர் காட்டிய வட்டவீட்டின் படத்தைப் பார்த்தால் மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறது. காசு கொடுத்து இதில் போய்த் தங்க வேண்டுமா?
(வாசகி, ஹாரோ)

தங்கலாம், நிச்சயமாகத் தங்கலாம். எதற்குள் படுக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் இன்னும் பிடிக்கும். கி.பி. 43இல் ரோமானியப் படை வந்து இறங்குவதற்கு முன்னால், பல நூற்றாண்டுகளாகப் பிரிட்டன் மக்கள் பெரும்பாலும் வாழ்ந்தது இந்த மாதிரி வட்டமான வீடுகளில்தான். மரக்கம்பங்களை வட்டமாக நட்டு, நடுநடுவே ஹேசல் மரக் குச்சிகளைத் தட்டி முடைவதுபோல் முடைந்து, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசிய சுவர். அதற்கு மேல் கூம்பு மாதிரி நல்ல சரிவாக ஏறும் கூரை. சரிவு ஏறக்குறைய 45 டிகிரி இருந்தால்தான் அந்த ஊர் மழை கூரைக்குள் ஊறாமல் வழிந்து ஓடும். வாசல் பெரும்பாலும் கிழக்கே அல்லது தென்கிழக்கே பார்த்திருக்கும், ஏனென்றால் காலை வெளிச்சம் உள்ளே வர வேண்டும், தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று நேராக முகத்தில் அறையக் கூடாது.

பலரும் கேட்பது புகைபோக்கி எங்கே என்றுதான். அந்தக் காலத்து வீட்டில் புகைபோக்கியும் இல்லை, கூரை உச்சியில் ஓட்டையும் இல்லை. ஓட்டை வைத்தால் அது காற்றை இழுத்து, தீப்பொறியை நேராக வைக்கோலுக்கு ஏற்றிவிடும். புகை மேலே போய்த் தேங்கி, கூரை வழியாக மெதுவாகக் கசிந்து வெளியேறும், கூரையில் பூச்சியும் அண்டாது. விறகடுப்பு எரிந்த ஓலைக்கூரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை, பாட்டி வீட்டு அடுப்படி விட்டம் கறுத்துப்போயிருக்குமே, அதே கதைதான். இதையெல்லாம் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பட்சர் பழங்காலப் பண்ணை என்று ஒன்று 1972இலிருந்து இருக்கிறது, பீட்டர் ரேனால்ட்ஸ் என்ற தொல்லியலாளர் அங்கே வட்டவீடுகளைக் கட்டிப் பார்த்தே இவற்றைத் தெரிந்துகொண்டார்.

இப்போது வாடகைக்கு விடுகிற வீடுகள் அப்படியே பழையபடி இருக்காது, பயப்படாதீர்கள். பொதுவாகக் குழாய் வைத்த இரும்பு விறகடுப்பு இருக்கும், உச்சியில் கண்ணாடி பதித்திருப்பார்கள், நல்ல மெத்தை போட்டிருப்பார்கள். மாறாமல் இருப்பது அந்த வட்டம்தான். மூலையே இல்லாத ஒரே அறை. கட்டில், நாற்காலி, சாப்பிடும் இடம் எல்லாமே ஒரே நெருப்பைச் சுற்றி. வீட்டில் நீங்கள் சமையலறையில் இருப்பீர்கள், அவர் மாடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்திருப்பார், இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்பதே ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். இங்கே ஒருவர் விறகு எடுத்தால் இன்னொருவருக்குத் தெரியும், பெருமூச்சு விட்டாலும் தெரியும். பத்தாவது வருஷத்துக்கு நான் வேறெதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வட்டவீடு என்று சொல்லிவிட்டு ஏதாவது கூடாரத்தைக் கொடுத்துவிட்டால்? எதைப் பார்த்து முன்பதிவு செய்வது?
(வாசகர், லெஸ்டர்)

நல்ல கேள்வி. யர்ட் என்கிற மங்கோலியக் கூடாரமும் வட்டம்தான், ஆனால் அது துணிச்சுவர், மழை கொட்டினால் ராத்திரி முழுக்கச் சத்தம். சுவர் எதனால் ஆனது, கூரை வைக்கோலா நாணலா அல்லது புல் வளர்த்த மண்கூரையா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள், ஆசையாகக் கட்டியவர் என்றால் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார்.

அப்புறம் கழிவறை. பல இடங்களில் மரத்தூள் போடுகிற கம்போஸ்ட் டாய்லெட், அதுவும் இருபது முப்பது அடி தள்ளி. தண்ணீர் வசதி உண்டா, குளியல் உள்ளேயா வெளியேயா, வெந்நீர் எப்படி வருகிறது என்பதை வெட்கப்படாமல் கேளுங்கள். நடுராத்திரி மழையில் டார்ச் அடித்துக்கொண்டு போகும்போது காதல் கொஞ்சம் கரையத்தான் செய்யும்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், போனதும் அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெளியே பார்பெக்யூ போட்டுவிட்டு, கரி அணைந்துவிட்டதே, குளிருக்கு ஆகும் என்று அதை உள்ளே எடுத்து வரவே வரக் கூடாது. அணைந்ததுபோல் தெரிகிற கரியிலிருந்தும் அந்த வாயு வரும், வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். விறகு காய்ந்ததாக இருக்கட்டும், ஈர விறகு சூடும் தராது, புகையைத்தான் கிளப்பும்.

நாங்கள் புதுமணத் தம்பதி. பிரிட்டனுக்கு இரண்டு வாரம் வருகிறோம். லண்டன், எடின்பரோ எல்லாம் பார்த்தது போக வேல்ஸுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

போதாது. ஒரு நாள் என்றால் போகவே வேண்டாம். எடின்பரோவை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டு, மேற்கு வேல்ஸில் பெம்ப்ரோக்‌ஷயர் பக்கம் ஒரே வீட்டில் மூன்று இரவு தங்குங்கள் என்பதுதான் என் கருத்து. முதல் நாள் வீடு பழகுவதற்கே போய்விடும், அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு சாயங்காலம் வேண்டும்.

லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்வான்சீக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அங்கிருந்து ஹாவர்ஃபோர்ட்வெஸ்டுக்கு வேறு ரயில். ஆனால் வட்டவீடுகள் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதில்லை, கார் இருந்தால்தான் வசதி. இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு முதல் 12 மாதம் அங்கே கார் ஓட்டலாம், நம்மைப்போலவே இடப்பக்கம்தான். கிராமத்துச் சாலைகள் இரண்டு பக்கமும் வேலிக்கரை உயர்ந்து ஒரு கார் மட்டும் போகிற அளவில் இருக்கும், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்து ஒதுங்க வேண்டும், அதற்குத் தயாராகப் போங்கள். 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் குடியிருப்புச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 20 மைல், இதையும் மறக்க வேண்டாம். இன்னொன்று, வேல்ஸில் இரண்டு நியூபோர்ட் உண்டு. கார்டிஃப் பக்கத்தில் இருக்கிற பெரிய நகரம் ஒன்று, பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரத்துச் சின்ன ஊர் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஊர்ப்பெயரைப் போடாமல் அஞ்சல் குறியீட்டைப் போட்டு வழி பாருங்கள்.

பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? சும்மா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியுமா?
(வாசகி, மில்டன் கீன்ஸ்)

உட்கார்ந்திருக்கலாம், அதற்குத்தானே போகிறீர்கள்! ஆனாலும் ஒரு பகலைக் காஸ்டெல் ஹென்லிஸுக்குக் கொடுங்கள். பெம்ப்ரோக்‌ஷயரின் அந்தச் சின்ன நியூபோர்ட்டுக்குக் கிழக்கே இருக்கிற, ரோமானியர் வருவதற்கு முந்தைய இரும்புக் காலக் கோட்டைமேடு அது. 1980களில் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் அகழாய்வு செய்து, பழைய வீடுகளின் கம்பக் குழிகள் எங்கே கிடைத்தனவோ அதே இடத்திலேயே வட்டவீடுகளை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நீங்கள் தங்குகிற வீடு ஆசைக்காகக் கட்டியது, இங்கே நிற்பது அதே மண்ணில் முன்பு நின்ற வீட்டின் அளவில் கட்டியது. உள்ளே போனதும் கண் பழக ஒரு நிமிஷம் ஆகும், அவசரப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள்.

கொஞ்ச தூரத்தில் பென்ட்ரே இவான் என்ற கல்திட்டை. அந்த வட்டவீடுகளை விடவும் ஆயிரக்கணக்கான ஆண்டு பழசு, புதிய கற்காலத்தது. 16 டன்னுக்கு மேல் எடை சொல்கிற ஒரு மூடுகல், மூன்று கற்களின் நுனியில் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து டி கனோல் காட்டுக்குள் நடந்தால் பாசியும் பழைய ஓக் மரங்களுமாக இருக்கும், கைகோத்துக்கொண்டு பேசாமல் நடக்கத் தோதான இடம். நடக்கிறவர்கள் என்றால் பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரப் பாதை 186 மைல் நீளம், அதில் உங்களுக்குப் பிடித்த இரண்டு மைல் போதும்.

எந்த மாதம் நல்லது அக்கா? எல்லோரும் ஜூலை, ஆகஸ்ட் என்கிறார்களே.
(வாசகி, சென்னை)

பறவை பார்க்க வேண்டும், அந்தக் கடலோரத்து ஸ்கோமர் தீவில் இருக்கிற பஃபின் என்ற கடற்பறவைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மே, ஜூன் போங்கள், ஆகஸ்டில் அவை கடலுக்குப் போய்விடும். ஆனால் வட்டவீட்டுக்காகவே போகிறீர்கள் என்றால் நான் அக்டோபரைத்தான் சொல்வேன். ஜூனில் ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், நெருப்பு மூட்ட மனசே வராது. அக்டோபரில் ஆறு ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், குளிர் அடுப்புப் பக்கம் தள்ளும், வாடகையும் பள்ளி விடுமுறை வாரத்தைத் தவிர்த்தால் கோடையைவிடக் குறைவாகவே இருக்கும். கடற்கரைப் பாறைகளில் சாம்பல்நிறக் கடல்நாய்கள் குட்டி போடுகிற பருவமும் அதையொட்டித்தான், மேலே பாதையிலிருந்தே பார்க்கலாம், கிட்டே மட்டும் போகக் கூடாது.

மழை வரும். அதற்காகத் தேதியை மாற்றாதீர்கள், நல்ல மழைக்கோட்டை மாற்றுங்கள்.

நாங்கள் வருஷா வருஷம் ஸ்கந்தவேலுக்குப் போகிறவர்கள். அந்தப் பயணத்தோடு இதையும் சேர்க்கலாமா? இல்லை, அது தப்பா?
(வாசகர், குரொய்டன்)

தப்பே இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இலங்கையிலிருந்து வந்த குரு சுப்பிரமணியம் 1973இல் கார்மார்தன்ஷயரின் பள்ளத்தாக்கு ஒன்றில் தொடங்கிய ஆசிரமம் அது, அங்கே முருகன் கோயில் இருக்கிறது, லண்டன் தமிழர்கள் நெடுங்காலமாகப் போய்வருகிறார்கள். அங்கிருந்து பெம்ப்ரோக்‌ஷயரின் வடபகுதிக்குக் காரில் சுமார் ஒரு மணி நேரம்தான்.

வரிசையை மட்டும் கவனியுங்கள். அசைவமும் மதுவும் தவிர்த்துவிட்டுத்தான் அங்கே வர வேண்டும் என்பது அவர்கள் ஒழுங்கு, அதனால் கோயில் முதலில், வட்டவீடு பிறகு. பூஜை முடித்து மனசு அமைதியாக இருக்கிற நேரத்தில் நேராக ஒரு காட்டோரத்து வீட்டுக்குப் போய்ச் சேருவது நன்றாகவே இருக்கும். கோயிலுக்கு மாமா, மாமியோடு போகிறவர்கள் என்றால், அவர்களை ரயிலில் ஏற்றிவிட்டு நீங்கள் இரண்டு பேரும் தங்கலாம், அதைச் சொல்லவும் கூச்சப்பட வேண்டியதில்லை.

வைஃபை இல்லையாம், டிவி இல்லையாம். ராத்திரி நாலு மணி நேரம் என்னதான் செய்வது? என் மனைவிக்கு இருட்டு என்றால் வேறு பயம்.
(வாசகர், பர்மிங்ஹாம்)

சமையுங்கள். கனமான இரும்புச் சட்டி ஒன்றில் லீக்ஸ், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் வெட்டிப் போட்டு அடுப்பின் மேல் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு வேகும், அந்த ஊர்க்காரர்கள் இதையே ஆட்டுக்கறி சேர்த்துக் கவ்ல் என்று செய்வார்கள். வீட்டிலிருந்து மிளகுத்தூளும் கொஞ்சம் சீரகமும் கொண்டுபோங்கள், வேறு எதுவும் தேவைப்படாது. தாளிப்பு, எண்ணெயில் பொரிப்பது எல்லாம் வேண்டாம், ஒரே அறை, அந்த வாசனையோடுதான் தூங்க வேண்டும்.

இருட்டுக்கு: முதல் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, வீட்டைச் சுற்றி இரண்டு பேரும் ஒரு தடவை நடந்து பாருங்கள். எந்தச் சத்தம் ஓடை, எது ஆந்தை, பக்கத்துப் பண்ணை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பிறகு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். நிலா இல்லாத, மேகம் விலகிய ராத்திரியாக வாய்த்தால் பால்வீதி தலைக்கு மேல் தெரியும், பர்மிங்ஹாமில் அது கிடைக்காது. போனைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகள், பெற்றோர் எல்லாம் இருக்கிறார்கள். வட்டவீட்டை வாடகைக்கு விடுகிறவரின் தொலைபேசி எண்ணை மட்டும் முன்கூட்டியே வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அவளுக்கு ஒரு பரிசு வாங்க வேண்டும். நகை வேண்டாம் என்கிறாள். வேல்ஸில் என்ன வாங்கலாம்?
(வாசகர், ஸ்லவ்)

மரக்கரண்டி வாங்குங்கள். சமையலுக்கு இல்லை, காதல் கரண்டி. வேல்ஸ் இளைஞர்கள் தாங்கள் விரும்பிய பெண்ணுக்காக ஒரே மரத்துண்டில் செதுக்கிக் கொடுத்தது. சங்கிலிக் கண்ணியோ கூண்டுக்குள் உருளும் குண்டோ, எதையும் ஒட்டாமல் அதே மரத்திலேயே குடைந்து எடுத்திருப்பார்கள். 1667ஆம் ஆண்டு பொறித்த ஒன்று கார்டிஃப் பக்கத்தில் செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனிலிருந்து போகிற வழிதான், நுழைவுக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தத்துக்கு மட்டும் காசு. ஆங்கிள்சீ தீவில் அகழ்ந்த பண்ணை வீட்டைப் பார்த்துக் கட்டிய இரண்டு வட்டவீடுகளும் அங்கேயே நிற்கின்றன, சுவர் ஆறடிக் கனம். போகும்போதே இறங்கிப் பாருங்கள், அவர் எந்தக் கரண்டிக்கு முன்னால் நிற்கிறார் என்று கவனித்து வைத்துக்கொண்டு, திரும்பும்போது அந்த மாதிரி ஒன்று வாங்கிவிடலாம். கடைகளில் எந்திரத்தில் வெட்டியதும் கிடைக்கும், கையால் செதுக்கியதா என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும்.