கேளுங்கள், சொல்கிறோம்: குழந்தையோடு நர்சிங் படிக்கப் போகிறவர்களுக்கு

கே: கணவர் தவறிவிட்டார். ஐந்து வயதில் மகள். பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படித்தேன். நர்சிங் சேர முடியுமா? பத்தாவது போதும், ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம் என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தார்கள்.
– வாசகி, குடியாத்தம்

ப: அந்த நோட்டீஸை அடுப்பில் போடுங்கள். ஓராண்டு 'நர்சிங் அசிஸ்டென்ட்' சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு எண் இல்லாதவர் எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம்.

உங்களுக்கு ஏற்றது ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவ உதவி) டிப்ளமோ, மூன்று ஆண்டு. எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. ஆங்கிலத்தில் தேர்ச்சியும் மொத்தத்தில் 40 சதவீதமும் வேண்டும். நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். அது உங்களிடம் இல்லையே என்று மனம் தளர வேண்டாம். ஜி.என்.எம். முடித்துப் பதிவும் செய்துவிட்டால், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கலாம். சேர்க்கைக் கையேட்டில் முதலில் பார்க்க வேண்டியது வயது வரம்பு. விதவைகளுக்குத் தளர்வு இருக்கிறதா என்பதும் அங்கேயே இருக்கும். கல்லூரி அங்கீகாரம் பெற்றதா என்பதை இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் நீங்கள் சேரும் ஆண்டுக்கான பட்டியலில் பாருங்கள். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் ஃபிரேம் பழைய ஆண்டுடையதாக இருக்கலாம்.

கே: பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையனை என் அம்மா பார்த்துக்கொள்வார். ஜீவனாம்ச வழக்கும் நடக்கிறது. சமாளிக்க முடியுமா?
– வாசகி, அணைக்கட்டு

ப: எல்லோரும் ஃபீஸைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் உங்களைப் போன்றவர்களை மடக்குவது அட்டெண்டன்ஸ்.

ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்குத் தனியாக, பிராக்டிகலுக்குத் தனியாக 80 சதவீதம் இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். லீவுக்குக் காரணம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். பையனுக்குக் காய்ச்சல் என்று டாக்டர் சீட்டு கொடுத்தாலும் அந்த நாள் 'ஆப்சென்ட்'தான். போதாததற்கு, பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் மணிகள் நூறு சதவீதமும் முடிந்திருக்க வேண்டும். விட்ட வார்டு டியூட்டியை விடுமுறையில் போய் ஈடுகட்டும்படி இருக்கும்.

முதல் செமஸ்டர் அனாடமி 60 மணி நேரம். அதில் 12 மணி நேரம் வரைதான் வராமல் இருக்கலாம். பையனுக்கு அம்மை போட்டு ஒரு வாரம் வீட்டில் இருந்தால் எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், தாங்கலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாய்தா எப்போதும் ஒரே கிழமையில் விழுந்தால், அன்றைக்கு டைம்டேபிளில் இருக்கும் பாடமே திரும்பத் திரும்ப அடிபடும். மொத்தக் கணக்கில் 88 சதவீதம் இருந்தும் ஒரு பாடத்தில் 76க்கு வந்து மாட்டுவது இப்படித்தான். கல்லூரி மாதக்கடைசியில் சொல்லும் என்று காத்திருக்காமல், நோட்டில் பாடவாரியாக விட்ட மணிகளை நீங்களே எழுதி வாருங்கள். வாய்தா தேதி தெரிந்ததும் வக்கீலிடம் கிழமை மாற்றிக் கேட்கச் சொல்லலாம்.

பள்ளிக்கூடம் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் வேண்டாம். காலை 7 மணி வார்டு டியூட்டி என்றால் நீங்கள் விடியும்போதே கிளம்பியாக வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளியானால் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு அங்கேயே உண்டு, அம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம். அம்மாவுக்கே முடியாமல் போனால் யார் என்று இரண்டாவதாக ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். வெளியூர் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது. கடைசியாக ஒன்று: சில கல்லூரிகளில் ஹாஸ்டல் கட்டாயம். வீட்டிலிருந்து வந்துபோக அனுமதி உண்டா என்பதை, டி.சி.யும் பணமும் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

கே: ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பிவிட்டது. விவாகரத்தானவள். வேறு உதவி ஏதும் உண்டா?
– வாசகி, ஆற்காடு

ப: இனிஷியல் தகராறு. மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரிலும் பேங்க் புத்தகத்திலும் கணவர் இனிஷியல் இருக்கும். நாளைக்குப் பட்டச் சான்றிதழும் கவுன்சில் பதிவும் மார்க் ஷீட் பெயரில்தான் வரும். அதனால் ஆதாரை மார்க் ஷீட்டுக்கு மாற்றுங்கள், அதன் பிறகு பேங்க் கணக்கை. அந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று கிளையில் கேட்டு உறுதி செய்த பிறகு மறுபடி விண்ணப்பியுங்கள். வரிசை மாறினால் மீண்டும் திரும்பும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். உங்களுக்குப் பொருந்துமா என்று கல்லூரியின் திட்டப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். குழந்தையின் பெயரில் இன்னொன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை: மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு. விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவரின் குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். உங்களுக்கு அது ராணிப்பேட்டை மாவட்டம், வேலூர் இல்லை. பழைய நினைவில் வேலூருக்கு அலையாதீர்கள்.

கே: கல்விக் கடனுக்குச் சொத்து காட்டச் சொல்கிறார்கள்.
– வாசகி, காட்பாடி

ப: 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். படிப்புக் காலம் போக ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்.

கே: பத்து வருடம் கழித்துப் படிக்கிறேன். டிரிப் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது.
– மாணவி, வாலாஜாபேட்டை

ப: 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், செட் (சொட்டு விடும் டியூப்) ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்து 4ஆல் வகுத்தால் 2500 வரும். அப்படி ஒரு எண் வந்தாலே நிறுத்தி மறுபடி போடுங்கள். செட் கவரில் 15 என்று இருக்கிறதா, 20 என்று இருக்கிறதா, குழந்தைகளுக்கான 60ஆ என்று பார்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். வார்டில் செல்போன் எடுக்க விடமாட்டார்கள். நொடி முள் ஓடும் கைக்கடிகாரம் ஒன்று வாங்குங்கள், விலை குறைந்தது போதும்.

கே: வார்டிலிருந்து குழந்தைக்கு நோய் கொண்டுபோய்விடுவேனோ என்று பயம்.
– மாணவி, வேலூர்

ப: வார்டு போஸ்டிங்குக்கு முன் ஹெபடைடிஸ் பி ஊசியைத் தொடங்குங்கள்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். மூன்றாவதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. யூனிஃபார்மை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள். ஷூவை வாசலிலேயே விட்டுவிட்டு, குளித்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்கிற நேரத்தில்தான் கெடுகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். தாய்ப்பால் கொடுக்கிறவராக இருந்தால் அதையும் அப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.