நானே வாதாடிய வழக்கை 'அதிகார வரம்பு இல்லை' என்று தள்ளிவிட்டார்கள். இனி வழியே இல்லையா?

இருக்கிறது. என் அப்பாவுக்கும் இதேதான் நடந்தது.

பக்கத்து மாவட்டத்தில் கடை வைத்திருந்த ஒருவருக்கு, அந்தக் கடையிலேயே உட்கார்ந்து புரோநோட் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டரை லட்சம் கொடுத்திருந்தார். பணம் திரும்பி வரவில்லை. வக்கீல் வைக்காமல் தானே பிராது (வழக்கு மனு) எழுதி, நாங்கள் குடியிருக்கும் ஊர் முன்சீப் கோர்ட்டில் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எதிருரையின் முதல் பத்தியிலேயே பிடித்துக்கொண்டார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 20-ஆம் பிரிவுப்படி, பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், இல்லாவிட்டால் வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான விவகாரம்) எழுந்த இடம், அங்கேதான் வழக்குப் போட வேண்டும். வாதி எந்த ஊர்க்காரர் என்பது கணக்கிலேயே வராது.

கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "பொய்க் கேஸ் போட்டேன்னு ஊர்ல நினைப்பாங்கடா" என்றார். "உங்க பணம் வராதுன்னு யாருப்பா சொன்னா? இந்த கோர்ட் இல்லைன்னுதான் சொல்லியிருக்காங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நீங்கள் முதலில் உத்தரவை வாசியுங்கள். தள்ளுபடி என்று இருக்கிறதா, பிராதைத் திருப்பித் தருவதாக இருக்கிறதா? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 10-இன்படி திருப்பித் தந்தால், தாக்கல் செய்த தேதி, திருப்பிய தேதி, காரணம் மூன்றையும் நீதிபதி பிராதிலேயே குறிக்க வேண்டும். அப்பாவின் பிராதில் முத்திரைக்குக் கீழே இரண்டே வரிதான். ஆனால் அந்தத் தேதிகள்தான் எங்களைக் காப்பாற்றின. அதற்குள் புரோநோட்டின் மேல் வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு தாண்டியிருந்தது. காலவரையறைச் சட்டம் 14-ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் தவறான கோர்ட்டில் வழக்கு நடத்திய நாட்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. அதனால் உத்தரவு கைக்கு வந்ததும் ஒரு நாளும் வீணாக்காதீர்கள். கட்டிய கோர்ட் கட்டணத்தையும் புதிய கோர்ட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். வழக்கின் உள்விவகாரத்தை யாரும் தீர்மானிக்காததால் முன்தீர்ப்புத் தடையும் (ஏற்கெனவே தீர்ப்பான விஷயத்தை மறுபடி வழக்காக்கக் கூடாது என்ற தடை) வராது.

வங்கி தன் கடனுக்காக அடமானச் சொத்தை சர்ஃபாசி சட்டப்படி ஏலம் விடும் நடவடிக்கையை எதிர்த்து சிவில் கோர்ட்டுக்குப் போயிருந்தால் கதை வேறு. அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சிவில் கோர்ட்டையே தடுக்கிறது. 17-ஆம் பிரிவின்கீழ் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். கெடு 45 நாள்தான். உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். கட்டணம் தடையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

சரியான கோர்ட்டில் விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. அப்பா மறுபடியும் தானே நின்றார். இந்தத் தடவை வழக்குமூலப் பத்தியில் அந்தக் கடையின் கதவு எண்ணைக்கூட விடாமல் எழுதியிருந்தார்.