கேளுங்கள் சொல்கிறேன்: அப்பாவின் கசெட், மகளின் போன்

கேள்வி: அண்ணா, எங்கள் அப்பாவுக்கு அல்பம் என்றால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஒன்றுதான். நான் ராப் பாடகர் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' அல்பத்தைப் போட்டால் "இது பாட்டா, வெறும் சத்தமா, நிறுத்து" என்கிறார். நீங்கள் யார் பக்கம்?
(வாசகி, தலவாக்கலை)

பதில்: அப்பாவின் ரசனையில் குறை சொல்ல எதுவும் இல்லை தங்கச்சி. 1986இல் சினிமாவோடு சம்பந்தமே இல்லாமல், தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹ் (Bach) அவர்களுக்கும் சமர்ப்பணமாக வந்த அல்பம் அது. அதில் வரும் வி.எஸ். நரசிம்மனின் வயலினை நான் முதலில் கேட்டது மாமாவின் லயத்துக் காம்பராவில்தான் (தோட்டத்து வரிசை வீட்டு அறை). பற்றரி இறங்க இறங்க வயலின் சுதி விட்டு இழுக்கும், மாமா பற்றரியைக் கழற்றி வாசலில் வெயிலில் காயவைத்துவிட்டு, திரும்பப் போட்டு விட்ட இடத்திலிருந்தே கேட்பார். அப்படிக் கேட்டவர்களுக்கு ஒரு சுரம்கூட மறக்காது.

ஆனால் புதியதைச் சத்தம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அறிவின் பாட்டி நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குப் போனவர். தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் லயத்திலும் எத்தனை காம்பராக்கள் காலியாயின! 2021இல் வந்த அறிவின் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டில் கேட்கும் ஒப்பாரி இழுவை, சாவு வீட்டில் நம் ஆத்தாமார் மாரடித்துப் பாடுவதுதான், அப்பாவுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். 2024இல் வந்த 'வள்ளியம்மா பேராண்டி' அல்பத்தின் பெயரிலேயே அந்தப் பாட்டி இருக்கிறார். இன்னொன்று, போனின் சின்ன ஸ்பீக்கரில் அடிநாதம் கேட்காது, சொல் மட்டும் கத்தலாக வந்து விழும். முதலில் பாட்டியின் கதையைச் சொல்லுங்கள், அப்புறம் நல்ல ஸ்பீக்கரில் 'எஞ்சாமி'யைப் போட்டுவிட்டு அல்பத்துக்குப் போங்கள்.

கேள்வி: இளையராஜாவின் திருவாசகம் அல்பம் என் மனதில் ஒட்டவே இல்லை. குறை என்னிடமா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: இல்லை தம்பி. 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு செய்த பெரிய வேலை அது, ஆனாலும் 'பொல்லா வினையேன்' பாட்டில் நடுவே ஆங்கில வரிகள் வரும்போது எனக்கும் பாட்டைவிட்டு வெளியே வந்துவிட்டதுபோல்தான் இருக்கும். மார்கழி விடியலில் தோட்டத்துக் கோயிலில் திருவெம்பாவை கேட்டு வளர்ந்த காது, மாணிக்கவாசகரை வேறு மாதிரி எதிர்பார்க்கும். 'புற்றில்வாழ் அரவும் அஞ்சேன்' ஒன்றை மட்டும், வீடு எழும்புவதற்கு முன்னால், தனியாக இருந்து கேளுங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம்.